வாறன் என்று ஒரு பெயர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் கப்பலில் சாமான் துண்டு எழுதவும், ஊருக்கு அனுப்பும் உறையில் விலாசம் எழுதவும்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். இதை றோணியோ மெசினில் படியெடுத்துத் தமிழ்ச் சங்கத்தில் கொடுக்கிற தம்பிமார் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் மட்டும் கை வைக்க வேண்டாம். நான் 'வாறன்' என்று எழுதுகிற இடத்தில் 'வருகிறேன்' என்று மாற்றினால், நான் சொல்ல வந்த ஆள் காணாமல் போய்விடுவார்.

அவருடைய சொந்தப் பெயரை எழுத மாட்டேன். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். மெல்பேர்ணில் ட்ராம் கண்டக்டராக இருந்தார். நான் கப்பல் குசினியில் சமையல் எடுபிடியாக வேலை செய்து வந்து இந்த ஊரில் இறங்கியவன். அவருடைய டிப்போவின் சாப்பாட்டு அறையில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை. ஒரு நாள் கொதிதண்ணீர் கையில் பட்டு "ஐயோ அம்மா" என்றேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். தோளில் தோல் காசுப்பை, தலையில் தொப்பி. "தம்பி, உந்தச் சத்தம் யாழ்ப்பாணத்து வடமராட்சிச் சத்தமெல்லோ" என்றார். அந்தக் கிழமையே பிரன்ஸ்விக்கில் அவருடைய வீட்டின் பின் அறைக்கு என் பெட்டியைக் கொண்டுபோய்விட்டேன். வீட்டில் அவரும் அவருடைய மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. மனைவியை நான் அக்கா என்பேன். பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் வீட்டுக்குள் வந்தால் வெண்ணெய் வாசனையும் கூட வரும்.

அண்ணை காசு வைத்துப் போக்கர் விளையாடுவார். வீட்டுக்குக் கிட்ட, சிட்னி ரோட் என்ற பெரிய தெருவில் ஒரு கிரேக்கருடைய கோப்பிக்கடை இருந்தது. கீழே கோப்பி, மேலே கடுதாசி விளையாட்டு, அதாவது சீட்டாட்டம். மேல் மாடி யன்னலில் மண்ணிறத் திரைச்சீலை ஒன்று பட்டப்பகலிலும் மூடியே இருக்கும். காலை வேலை முடிந்ததும் அங்கே போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே போவார்.

எங்கள் ஆட்கள் எந்த இடத்தை விட்டு எழும்பினாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் எழும்ப மாட்டோம். அண்ணைக்கு அந்தப் பழக்கம் இன்னும் கூட. ஆளில்லாத அறைக்கும் சொல்லிவிட்டுத்தான் போவார். கடுதாசி மேசையிலும், சுற்றியிருப்பவர்களுக்குத் தமிழ் விளங்காது என்பதை மறந்து, எழும்பும்போது கையை உயர்த்தி "வாறன்" என்றிருக்கிறார். அவர்கள் அது அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டார்கள். இந்த ஊர் வெள்ளைக்காரரில் வாறன் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடுத்த முறை படியேறிப் போனபோது "ஹலோ வாறன்" என்று கதிரை இழுத்துப் போட்டார்களாம்.

இதை அவர் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நல்ல பேர்தான் வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அக்கா. "வாறன் எண்டு பேர் வைச்சுக்கொண்டு ஒருத்தன் போகாமல் இருப்பானோ?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் நாலு பேர் போல ஆகிவிட்டோம். அண்ணையே தொடங்கிவைத்தார். கடுதாசிக்குப் போகிற தன்னைத் தானே வேறு ஆள் போலச் சொல்லுவார். "இண்டைக்கு வாறன் நல்ல நித்திரை. பயப்பிடாதை" என்பார். இன்னொரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, விடியவே வாறன் முழிச்சிட்டான்" என்பார். பகிடி போலத்தான் சொல்லுவார். ஆனால் சொல்லிவிட்டுத் தன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்ப்பார். பேய் பிடித்தவர்களை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருவரும் இப்படி நிதானமாகக் கதைத்ததில்லை.

எழும்ப முடியாததுதான் அவருடைய வருத்தம். அதை அவரே கண்டுபிடித்திருந்தார். "எனக்கு விளையாட்டுத் தெரியும் தம்பி. கூடாத கடுதாசி வந்தா மடக்கி வைக்கத் தெரியும். கதிரையை விட்டு எழும்பத்தான் தெரியாது" என்பார். தோற்ற நாட்களில் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் படுத்து நன்றாக நித்திரை கொள்ளுவார். வென்ற நாட்களில்தான் கண் மூட மாட்டார். "தோத்தா வாறன் களைச்சுப் போவான். வெண்டா அவனுக்குப் பசி எடுக்கும்" என்றார். வென்ற நாளில் அக்கா கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு அது முழுவதும் விளங்கியது.

ஒரு நாள் குசினியில் என்னை இருத்தி, "எனக்கு ஒரு உதவி செய்வியோ?" என்று கேட்டார். "அங்க இருக்கிறவங்கள் எல்லாற்றை முகத்தையும் நான் படிச்சு வைச்சிருக்கிறன். ஒருத்தன் நல்ல கடுதாசி வந்தா கோப்பியைக் கலக்கிறதை நிப்பாட்டுவான். மற்றவன் கடுதாசி கூடாட்டி பகிடி விடுவான். என்ரை முகம் மட்டும் எனக்குத் தெரியாது. நீ அதைப் பார்த்துப் படி. வாறன் முழிக்கப் போறதை எனக்கு முந்தி நீ கண்டுபிடிச்சுச் சொல்ல வேணும்."

நான் ஒருவருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பழகாதவன். கதைக்கும்போது ஆளுடைய சட்டைப் பொத்தானைப் பார்ப்பேன். என்னிடம் போய் இப்படி ஒரு வேலையா என்று நினைத்தேன். ஆனாலும் ஓம் என்றேன்.

அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். அவர் சோறு குழைக்கும்போது, சவரம் செய்யும்போது, தொப்பி போடும்போது. முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கண்டது சப்பாத்தில். வேலைக்குப் போகுமுன் தன் தோல் சப்பாத்தைக் கறுப்பு மை பூசி மினுக்குவது அவருடைய வழக்கம். சில நாட்களில் தன்னுடையதை முடித்துவிட்டு அக்காவின் சப்பாத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுவார். துணியைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பார். அந்த நாட்களில்தான் அவர் நேரத்துக்கு வீடு வருவதில்லை. எனக்கு அது தட்டுப்பட்ட காலையில் நான் தின்றுகொண்டிருந்த பாண் துண்டு கீழே விழுந்துவிட்டது.

"அண்ணை" என்றேன். "அக்கான்ரை சப்பாத்து."

அவர் துணியை நிறுத்தினார். மடியில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். அதை யாரோ கொண்டுவந்து அங்கே வைத்தது போலப் பார்த்தார். பிறகு மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு, "நான் அன்பில செய்யிறன் எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். அன்று அக்கா மினுக்காத சப்பாத்தோடு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு தன் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

சப்பாத்து இல்லாவிட்டாலும் அந்த முணுமுணுப்புப் பாட்டை வைத்தே கண்டுபிடிக்கப் பழகினேன். கண்டுபிடிப்பது ஒன்று, நிறுத்துவது இன்னொன்று. சில நாட்களில் நான் சொன்னதும் அண்ணை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்துவிடுவார். சில நாட்களில் "ஓம் தம்பி, எனக்கும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தெரிந்துகொண்டே போகிற மனிதனை எப்படிப் பிடிப்பது? அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் தோளில் காசுப்பை கிடந்தது. கண்டக்டர்மார் வேலை முடிந்ததும் டிப்போவில் பையை ஒப்படைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அது சனங்கள் ஏறி இறங்கிக் கொடுத்த காசு. அண்ணை பையைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இஞ்சேருங்கோ, உதென்ன கோலம்?" என்றார் அக்கா.

"கோப்பிக்கடைக்கு முன்னால இறங்கிட்டன்" என்றார் அண்ணை. "ஆர் இறங்கினதெண்டு தெரியாது. படியில கால் வைச்சாப் பிறகுதான் பை இடுப்பில இடிச்சுது."

அக்கா அடுப்பை அணைத்தார். எனக்கு அவர் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி, என்னோட டிப்போ வரைக்கும் வா" என்றார் அண்ணை. "என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வா. சிட்னி ரோட்டால போக வேண்டாம், பின் ரோட்டால போவம்."

நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடி நடந்தேன். சீருடை போட்ட கண்டக்டரை ஒரு கோப்பை கழுவுகிறவன் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, வேலியோரம் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய இத்தாலியக் கிழவர் ஒருவர் ஏதோ கேட்டார். நான் பிடியை விடாமல் நடந்தேன். ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் அவருடைய கை சிட்னி ரோட் பக்கம் ஒருமுறை இழுக்கும். ஆள் நேராகத்தான் நடந்தார். கை மட்டும் இழுத்தது. டிப்போவில் பையை ஒப்படைக்கப் பிந்தியதற்குப் பேச்சு வாங்கினார். திரும்பி வரும்போது, "வாற ஞாயிற்றுக்கிழமை போய் முடிச்சுப்போட்டு வாறன்" என்றார். பிறகு தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். "பார் தம்பி, முடிக்கிறதுக்கும் வாறன் எண்டுதான் வாய் வருது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் அறையில் இருந்தேன். முன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா தெருவுக்கு ஓடி, ஆளைக் காணாமல் என்னிடம் ஓடி வந்தார். கையெல்லாம் மா.

"தம்பி, உவர் 'போறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்."

இந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் சனத்தில் செத்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவோம். அங்கேகூட 'போறன்' என்று சொல்வதில்லை. நோயாளி அப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் தேவாரம் படிக்கத் தொடங்குவார்கள்.

"வடிவாக் கேட்டனீங்களோ அக்கா?"

"வாசல்ல நிண்டு என்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னவர். 'போறன்.' அவ்வளவுதான். 'போட்டு' இல்லை, 'வாறன்' இல்லை."

அக்கா கையைக் கழுவாமலே மேல்கோட்டைப் போட்டார். அவர் மெறி க்றீக் ஓடைப் பக்கம் போனார். நான் றெயில் பாதைப் பக்கம் ஓடினேன். எங்கள் தெருவின் முடிவில் றெயில் கடக்கும் படலை ஒன்று இருந்தது. அங்கே போகும்போதே மணி அடித்துப் படலை இறங்கிவிட்டது. றெயில் கடந்து போகும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தபோது தண்டவாளம் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. படலையைப் பிடித்தபடி என் வாய்க்கு வந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். பிறகு சிட்னி ரோட்டுக்கு ஓடினேன்.

கோப்பிக்கடைக்கு எதிர்ப்பக்கத்தில், ட்ராமுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிற மர வாங்கில் அண்ணை இருந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் இருந்தார். கண் அந்த மண்ணிறத் திரைச்சீலையில்.

"அண்ணை" என்றேன். மூச்சு வாங்கியது. "அக்கா பாதி செத்துப்போனா, நீங்கள் சொன்ன சொல்லால."

"என்ன சொன்னனான்?"

"போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்களாம்."

அவர் தலையில் கையை வைத்தார். "ஐயோ, அது அவவுக்குச் சொன்னதில்லையடா. மேல போய் அவங்களுக்குச் சொல்லவெண்டு விடிஞ்சதிலயிருந்து சொல்லிப் பழகிக்கொண்டிருந்தனான். வாசல்ல வாய் தவறி வந்திட்டுது."

"சொல்லிட்டியளோ?"

"இல்லை." அவர் குரல் சின்னதாகிவிட்டது. "வந்ததிலயிருந்து இதிலதான் இருக்கிறன். படி ஏறினா இறங்க மாட்டன். நீ போய்ச் சொல்லு தம்பி. வாறன் போட்டான், இனி வரமாட்டான், வந்தாலும் கதவு திறக்க வேண்டாம் எண்டு சொல்லு."

எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீசு கோப்பை, கரண்டி, சுடுதண்ணி. அந்நியர் இருக்கிற அறைக்குள் நான் தனியாக நுழைந்ததே கிடையாது. ஆனால் அவர் இரண்டு கையையும் திரும்பவும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். தெருவைக் கடந்தேன். படிகளில் சிகரெட் நாற்றம். மேலே கதவைத் தள்ளினேன். மேசையைச் சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதன்மேல் யாரோ மேல்கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

"வாறன் கோ" என்றேன். "நோ கம்."

கடைக்காரக் கிரேக்கர் பெரிய மீசைக்காரர். பாவப்பட்ட முகத்தோடு, "சிக்?" என்று கேட்டார்.

"நோ சிக். கோ. டுமாறோ நோ கம்." கதவைத் தொட்டுக் காட்டினேன். பூட்டுவது போலக் கையைத் திருப்பிக் காட்டினேன். "வாறன் கம், யூ குளோஸ்."

யாரோ சிரித்தார்கள். கிரேக்கர் சிரிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்து, கதவைக் காட்டி, மெதுவாகச் சொன்னார். இந்தக் கதவு ஒருவருக்கும் பூட்டுவதில்லை என்று சொன்னதாக எனக்கு விளங்கியது. நான் திரும்பிப் படியில் கால் வைக்குமுன்பே கோட்டை எடுத்துவிட்டு ஒருவர் அந்தக் கதிரையில் வந்து இருந்துவிட்டார். கடுதாசி குலைக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

கீழே வந்தபோது அக்கா வாங்கடியில் நின்றார். ஓடைச் சேறு முழங்கால் வரை. "உங்கடை வாயில வேற சொல்லு வராதோ?" என்று தொடங்கினார். "சாகிறவனெல்லோ அப்பிடிச் சொல்லுவான். நான் தண்ணிக்குள்ள இறங்கித் தடியால குத்திப் பார்த்தனான். தடியால!" வாங்கில் இருந்து மா காய்ந்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணை அவருடைய சப்பாத்தில் இருந்த சேற்றைத் துடைக்கக் குனிந்தார். பாதியில் பயந்து கையை இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, துடைக்கலாமோ?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக நன்றாகப் பார்த்தேன். "துடையுங்கோ அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படியில் ஏறவில்லை. இதைச் சொல்வது லேசு. ஒவ்வொரு நாளும் அவர் அதை எப்படிச் செய்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். டிப்போவில் கேட்டு வேறு ட்ராம் பாதைக்கு மாறினார். சம்பள உறையை அக்காவே வந்து வாங்குவார். மற்றக் கண்டக்டர்மார் அதற்கு எவ்வளவோ நக்கலடித்தார்கள். இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கிறிஸ்மசுக்கு டிப்போவில் சீட்டிழுத்தார்கள். இவர் சீட்டு வாங்கவில்லை. இவருக்காக நல்ல மனதில் யாரோ பெயர் எழுதிப் போட்டுவிட்டார்கள். இவருக்குத்தான் விழுந்தது, ஒரு பெரிய பன்றித்தொடை. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைத் தேடினார். "வெண்டிட்டன் தம்பி" என்றார், ஏதோ நோய்ப் பெயரைச் சொல்வது போல. அதைத் தொடாமல் வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று அக்கா கேட்காமலே தாழ்ப்பாள் போட்டவர் அவர்தான்.

பிறகு அக்காவின் தம்பி சிட்னி நகரத்தில் வீடு வாங்கி இவர்களையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். சிட்னியில் கிளப்புக்குக் கிளப் கைபிடி இழுக்கிற சூதாட்ட மெசின் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அண்ணையிடம் சொன்னேன். "பயம் எங்க போனாலும் வரும் தம்பி. அது வரட்டும். அது வராத நாள்தான் நான் கவனமா இருக்க வேணும்" என்றார்.

இந்த வருடம் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்னைச் சிட்னிக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் பின்வளவில் மேசை போட்டு ஆம்பிளைகள் முந்நூற்றி நாலு என்கிற கடுதாசி விளையாட்டுக்கு இருந்தார்கள். காசு இல்லை, வெறும் பகிடிக்கு. எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் அது இல்லாமல் ஏது? மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். நாலாவது கை தேவைப்பட்டது. அண்ணை கொய்யா மரத்தடியில் யாருடையதோ கைக்குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உலாவினார்.

"வாங்கோ அங்கிள், ஒரு கை குறையுது" என்றார் ஒரு டொக்டர் தம்பி.

"எனக்கு விளையாடத் தெரியாது."

"யாழ்ப்பாணத்தில பிறந்து முந்நூற்றி நாலு தெரியாதோ? அப்ப அங்க என்னத்தைக் கிழிச்சனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். அந்த வளவில் இருந்த எல்லோருடைய முகத்தையும் படிக்கத் தெரிந்த மனிதர், "மண்டையில ஏறேல்லை ராசா" என்றார். குழந்தையின் முதுகில் இருந்த விரல்களைப் பார்த்தேன். தட்டவில்லை. பெருவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது, கடுதாசி பங்கிடுவது போல.

குழந்தையின் தாய் வந்து, "நித்திரையாப் போனான் அங்கிள், தாங்கோ, கொண்டுபோய்க் கிடத்திறன்" என்று கையை நீட்டினாள்.

அண்ணை ஒரு அடி பின்வாங்கினார். "இப்ப எடுக்காதை பிள்ளை" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் வைச்சிருக்கிறன்."

மேசையில் கடுதாசியைக் குலைத்துக்கொண்டு திரும்பவும் கூப்பிட்டார்கள். நான் ஒருவரும் கேட்காமலே போய் அந்த நாலாவது கதிரையில் இருந்தேன். எனக்கு விளையாட்டு அரைகுறை. எத்தனையோ பிழை விட்டேன். எல்லோரும் ஏசினார்கள். நான் எழும்பவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போய் வளவு வெறுமையாகும்வரை அண்ணை அந்தக் குழந்தையை இறக்கவில்லை.

எழுதி முடித்தது: மெல்பேர்ண், 24 கார்த்திகை 1979, சனிக்கிழமை.